அரண்மனைத் தொட்டில்கள்



‘தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்பது நம் முன்னோர் மொழி. இளமையிலே படிந்த வழக்கம் இறுதிவரை ஒருவனை விடாது என்பது அதன் பொருள். ஆனால் தொட்டிலிலே கிடந்த குழந்தை தொட்டிலோடு நின்றுவிடுவதில்லை. அது வளர்கிறது, மணம் செய்துகொள்கிறது, பிறகு ஒருநாள் தானே மற்றொரு தொட்டிலை ஆட்டும் நிலைக்கு வருகிறது. அப்பொழுது தான் பெற்ற அன்பையோ, தான் பட்ட அடியையோ அது எந்த வகையில் தன் மக்களுக்கு வழங்குகிறது? இன்று நாம் ஆராய விரும்புவது இதைத்தான்.

நம் வீடுகளில் பெற்றோர் இருவகையாகப் பேசக் கேட்டிருப்பீர்கள். “நான் அடிபட்டு வளர்ந்ததால்தான் ஆளானேன், என் பிள்ளையும் அப்படித்தான் வளரவேண்டும்” என்பார் ஒரு தந்தை. “நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது” என்பார் மற்றொருவர். முன்னவர் தம் இளமையை மகனிடம் மீண்டும் நடத்திப் பார்க்கிறார். பின்னவர் அதைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார். இவ்விரண்டின் பயனையும் அறியச் சரித்திரம் நமக்குத் துணை செய்யும்.

எளிய குடும்பத்துத் தந்தைக்கும் மகனுக்கும் நேரும் பூசல் நான்கு சுவர்களுக்குள் அடங்கிப்போகும். அரச குடும்பத்திலோ அதற்குக் கடிதங்கள் சான்று கூறும். நாட்குறிப்புகள் சான்று கூறும். அருகிலிருந்து பார்த்த பிரபுக்களின் குறிப்புகளும் சான்று கூறும். ஆகவே 1714-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் அரியணையில் அமர்ந்த ஒரே வழியினரை எடுத்துக்கொள்வோம். அவ்வழியின் பெயர் ஹனோவர் என்றும் பின்னர் வின்ட்ஸர் என்றும் மாறியதாயினும் குருதி ஒன்றே.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. பிற்காலத்தில் முதலாம் ஜார்ஜ் மன்னராகிய ஹனோவர் இளவரசர், 1682-ஆம் ஆண்டில் தம் உறவினளாகிய சோபியா டோரதியாவை மணந்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். ஆனால் இல்லறம் இனிதாக அமையவில்லை. கணவர் வேறொரு பெண்ணிடம் மனம் வைத்தார். மனைவியும் ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஒருவரிடம் அன்பு கொண்டார். 1694-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்தப் பிரபு ஹனோவர் அரண்மனையருகே மறைந்துபோனார். மீண்டும் எவர் கண்ணிலும் படவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மணம் முறிக்கப்பட்டது. சோபியா டோரதியா ஆல்டன் என்னும் சிற்றூர் மாளிகையில் சிறைவைக்கப்பட்டார். 1726-ஆம் ஆண்டில் இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, அங்கேயே வாழ்ந்தார். தம் மக்களைக் காணும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது.

மகன் ஜார்ஜுக்கு அப்பொழுது வயது பதினொன்று. அதற்குப் பிறகு அவன் தாயின் முகத்தைப் பார்த்ததே இல்லை. தாயைப் பிரித்த தந்தையை அவனால் நேசிக்க முடியவில்லை. அந்தக் கசப்பு அவனோடு வளர்ந்தது. தந்தை இங்கிலாந்தின் மன்னராகி, மகன் பட்டத்து இளவரசராகி, இருவரும் லண்டனுக்கு வந்த பின்னும் அது தணியவில்லை.

1717-ஆம் ஆண்டில் இளவரசருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஞானஸ்நானச் சடங்கில் ஞானத்தந்தையாக எவரை அமர்த்துவது என்பதில் வழக்கு எழுந்தது. இளவரசர் விரும்பியவரை விடுத்து, நியூகாசில் கோமகனை மன்னர் அமர்த்தினார். சடங்கு முடிந்ததும் இளவரசர் கோமகனிடம் சினந்து சில சொற்கள் சொன்னார். இளவரசரின் ஆங்கிலம் ஜெர்மன் ஒலிப்புடையது. கோமகன் அச்சொற்களைப் போருக்கு அழைப்பதாகப் பொருள் கொண்டார். சிறு பொறி பெருந்தீயாயிற்று. மன்னர் தம் மகனையும் மருமகளையும் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையிலிருந்து வெளியேற்றினார். அவர்களுடைய மூன்று பெண் மக்களையும் கைக்குழந்தையையும் தம்மிடமே நிறுத்திக்கொண்டார். பேரக் குழந்தைகளை வளர்க்கும் உரிமை மன்னருக்கே உண்டு என்று நீதிபதிகள் பன்னிருவரில் பதின்மர் தீர்ப்புரைத்தனர். அந்தக் கைக்குழந்தை 1718-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிறந்து மூன்று திங்கள் ஆன நிலையில், இறந்துபோயிற்று. 1720-ஆம் ஆண்டில் தந்தையும் மகனும் ஒருவாறு சமாதானமாயினர். ஆயினும் பெண் மக்கள் பாட்டனாரின் பொறுப்பிலேயே இருந்தனர்.

சற்று நின்று எண்ணிப் பாருங்கள். தாயைப் பறிகொடுத்த மகனின் துன்பம் எத்தகையது என்பதைச் சிறுவயதிலேயே அறிந்தவர் இந்த இளவரசர். குழந்தைகளைப் பறிகொடுத்த தந்தையின் துன்பத்தையும் நடுவயதில் அறிந்தார். இரண்டு துன்பத்தையும் பட்டறிந்த இவர், தம் மகனிடம் உலகத்திலேயே சிறந்த தந்தையாக நடந்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு.

இவருடைய மூத்த மகன் பிரெடரிக். 1714-ஆம் ஆண்டில் குடும்பம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அவன் ஏழு வயதுச் சிறுவன். ஹனோவரில் அரச குடும்பத்தின் அடையாளமாக ஒருவர் இருக்கவேண்டும் என்று பாட்டனார் கட்டளையிட்டார். பெற்றோர் கடல் கடந்தனர். சிறுவன் ஆசிரியர்களோடும் ஏவலாளரோடும் அங்கேயே விடப்பட்டான். பாட்டனார் மறைந்து, 1727-ஆம் ஆண்டில் தந்தை இரண்டாம் ஜார்ஜ் என்னும் பெயரோடு முடிசூடிய பின்னும் மகனை உடனே அழைக்கவில்லை. 1728-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் பிரெடரிக் லண்டன் வந்தார். பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஏழு வயதுக் குழந்தையைப் பிரிந்த பெற்றோர், தாம் அறியாத இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரைக் கண்டனர். மகனும் பெயரளவில் மட்டுமே அறிந்த இருவரைப் பெற்றோராகக் கண்டார்.

அவர்களிடையே வெறுப்பு வளர்ந்தது. 1737-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் இரவு, மனைவிக்குப் பேறுகால வலி கண்டிருந்தபோது, தம் பெற்றோர் தங்கியிருந்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மகவு பிறக்கக்கூடாது என்று பிரெடரிக் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு லண்டனுக்கு விரைந்தார். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் பெண் குழந்தை பிறந்தது. சினங்கொண்ட மன்னர் செப்டம்பரில் மகனை அதே அரண்மனையிலிருந்து வெளியேற்றினார். இருபது ஆண்டுகளுக்கு முன் எந்த வாயிலின் வழியாகத் தாம் துரத்தப்பட்டாரோ, அந்த வாயிலின் வழியாகவே தம் மகனைத் துரத்தினார். அவ்வாண்டு நவம்பரில் தாய் கரோலின் அரசியார் மரணப்படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வேண்டும் என்று மகன் விடுத்த வேண்டுகோளும் மறுக்கப்பட்டது. மகனைக் காணாமலே அரசியார் கண்மூடினார்.

ஆயினும் சரித்திரம் நமக்கு ஒரு சிறு விளக்கைக் காட்டுகிறது. மகனை வெளியேற்றி எழுதிய கடிதத்தில், பேத்தியின் பராமரிப்பை இப்போதைக்கு அவள் தாயிடமே விடுவதாக இரண்டாம் ஜார்ஜ் குறித்திருந்தார். தம் தந்தை செய்தது போலக் குழந்தையைப் பறித்து வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் பழைய காயம் அவர் கையைத் தடுத்தது போலும்! மற்ற இடங்களில் எல்லாம் அவர் தம் தந்தையின் அடிச்சுவட்டிலேயே நடந்தார். துன்பப்பட்டவன் இரக்கம் கற்பான் என்பது உறுதியில்லை. தான் பட்டதைச் சிந்தித்துப் பார்த்த அளவுக்கே ஒருவன் கற்கிறான்.

துரத்தப்பட்ட பிரெடரிக் தம் மக்களை எவ்வாறு வளர்த்தார்? அவர் அன்பு மிக்க தந்தையாக விளங்கினார். குழந்தைகளோடு விளையாடினார், தோட்டவேலை செய்யப் பழக்கினார். 1749-ஆம் ஆண்டில் தம் மாளிகையில் குழந்தைகளைக் கொண்டு நாடகம் நடிக்கச் செய்தார். அவ்வாண்டிலேயே மூத்த மகனுக்கு அரசியல் அறிவுரைகளைத் தம் கைப்பட எழுதி வைத்தார். ஆனால் முடிசூடும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1751-ஆம் ஆண்டில் நாற்பத்து நான்காவது வயதில் மறைந்தார். அப்பொழுது பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்த மகனே பிற்காலத்து மூன்றாம் ஜார்ஜ். அவருக்கும் அவர் மூத்த மகனுக்கும் மீண்டும் பூசல் வந்தது. அதன் விரிவை விடுத்து, விக்டோரியா அரசியாரின் காலத்துக்கு வருவோம். இங்கே நாம் காணப்போவது வெறுப்பின் கதையன்று; அச்சத்தின் கதை.

விக்டோரியா 1819-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருக்கையிலேயே தந்தையை இழந்தார். தாயும், தாயின் நிர்வாகியான ஜான் கான்ராய் என்பவரும் சிறுமியைக் கென்சிங்டன் அரண்மனையில் கடுங்காவலில் வளர்த்தனர். ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளாமல் அவள் படியிறங்கக்கூடாது. இரவில் தாயின் அறையிலேயே உறங்கவேண்டும். ஒத்த வயதுத் தோழியர் அரியர். 1837-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் பதினெட்டு வயதில் அரசியானதும், தம் கட்டிலைத் தாயின் அறையிலிருந்து அகற்றச் செய்தார். ஒரு மணி நேரம் தனித்திருக்க வேண்டும் என்று கேட்டார். அந்த ஒரு மணி நேரத் தனிமைக்குள் பதினெட்டு ஆண்டுச் சிறை அடங்கியிருக்கிறது.

அவரை 1840-ஆம் ஆண்டில் மணந்த ஆல்பர்ட் இளவரசரின் இளமையும் காயம் பட்டதே. ஐந்து வயதிருக்கையில் அவருடைய பெற்றோர் பிரிந்தனர். அதன்பின் தாயை அவர் காணவில்லை. ஒழுக்கக்கேடு ஒரு குடும்பத்தை எவ்வாறு சிதைக்கும் என்பதை அவர் தம் வீட்டிலேயே கண்டவர். அரசியாரோ தம் பெரிய தந்தையரின் ஊதாரி வாழ்க்கையை அறிந்தவர். 1841-ஆம் ஆண்டில் பட்டத்துக்குரிய மகன் எட்வர்டு பிறந்தபோது, இவன் அவர்களைப்போல் ஆகிவிடக்கூடாதே என்ற அச்சம் இருவரையும் பற்றிக்கொண்டது. ஸ்டாக்மர் என்ற அறிஞரின் ஆலோசனையோடு விரிவான கல்வித் திட்டம் வகுத்தனர். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரப் பாடம். வாரத்துக்கு ஆறு நாள். மற்றச் சிறுவரோடு பழக இடம் மிகக் குறைவு. மாணவன் நேசித்த பிர்ச் என்ற ஆசிரியர் 1852-ஆம் ஆண்டில் விலகினார். கண்டிப்பு மிகுந்த கிப்ஸ் என்பவர் வந்தார். சிறுவன் களைத்துப்போனான், சினம் வந்தபோது பொருள்களை வீசியெறிந்தான். பெற்றோர் அதைக் கண்டு திட்டத்தைத் தளர்த்தவில்லை.

ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அத்திட்டத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் குறை காண்பது கடினம். மொழிகள், கணிதம், சரித்திரம் எல்லாம் அதில் இருந்தன. அதில் இல்லாதவன் அந்தச் சிறுவன் ஒருவனே. அவனுக்கு எது இயலும், எது பிடிக்கும், எப்போது அவன் களைக்கிறான் என்று எவரும் கேட்கவில்லை. தனிமையில் வாடிய தாய், மகனையும் தனிமையில் வளர்த்தார். சிதைந்த வீட்டில் வளர்ந்த தந்தை, சிதையாத ஒழுங்கைக் கட்டி அதனுள் மகனை அடைத்தார். இருவரும் மகனை நேசித்தே இதைச் செய்தனர் என்பதுதான் வருந்தத்தக்கது. 1861-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆல்பர்ட் மறைந்தார். மகனின் நடத்தை தந்த துயரமே கணவரின் உயிரைக் குடித்தது என்று அரசியார் நம்பினார். அரசாங்க அலுவல்களில் நெடுங்காலம் அவரை நெருங்க விடவில்லை. எட்வர்டு மன்னரானது 1901-ஆம் ஆண்டில், தம் ஐம்பத்தொன்பதாவது வயதில்.

ஏழாம் எட்வர்டு என்னும் இம்மன்னர் ‘நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது’ என்ற கட்சியைச் சேர்ந்தவர். மக்களைத் தளர்வாகவும் அன்பாகவும் வளர்த்தார். தமக்கு மறுக்கப்பட்ட அரசாங்கத் தாள்களைத் தம் மகன் ஜார்ஜுக்குத் தாராளமாகக் காட்டினார். 1910-ஆம் ஆண்டு மே மாதம் அவர் இறந்தபோது, தம் சிறந்த நண்பரையும் மிக நல்ல தந்தையையும் இழந்துவிட்டதாக ஜார்ஜ் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

இத்துடன் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். அன்பில் வளர்ந்த மகன் அன்பான தந்தையாவது இயல்புதானே? ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் தம் மக்களிடம் கடுமையான தந்தையாக விளங்கினார். நூலக அறைக்கு வரும்படி தந்தையிடமிருந்து அழைப்பு வந்தால் தமக்கு ஏற்பட்ட அச்சத்தை அவருடைய மூத்த மகன் பிற்காலத்தில் நினைவுநூலில் விவரித்திருக்கிறார். இதற்குக் காரணம் என்ன? ஐந்தாம் ஜார்ஜ் பன்னிரண்டு வயதிலேயே, 1877-ஆம் ஆண்டில், கடற்படைப் பயிற்சிக் கப்பலுக்கு அனுப்பப்பட்டவர். தந்தையின் மாளிகையில் கண்ட தளர்வைவிடக் கப்பல் தளத்தில் கண்ட ஒழுங்கே அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது எனலாம். ஒருவனுடைய இளமை என்பது பெற்றோர் மட்டுமன்று. பள்ளியும், ஆசிரியரும், உடன் பயின்றோரும் சேர்ந்ததே அது.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. “என் தந்தை தம் தாய்க்கு அஞ்சினார், நான் என் தந்தைக்கு அஞ்சினேன், என் மக்கள் எனக்கு அஞ்சவேண்டும்” என்ற கருத்தில் ஐந்தாம் ஜார்ஜ் பேசியதாக ஒரு வாசகம் பல நூல்களில் உலவுகிறது. கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது. ஆனால் அவர் அதைச் சொன்னார் என்பதற்கு உறுதியான சான்றில்லை. அவருடைய நாட்குறிப்போ அதற்கு மாறாகப் பேசுகிறது. சங்கிலி போலக் கோத்து வரும் விளக்கங்களைக் கண்டு மயங்காமல் சான்றைத் தேடுவதே சரித்திர மாணவனுக்கு அழகு.

ஐந்தாம் ஜார்ஜின் இரண்டாம் மகன் 1895-ஆம் ஆண்டில் பிறந்தார். இடக்கைப் பழக்கமுள்ள சிறுவனை வலக்கையால் எழுதச் செய்தனர். கால்களை நேராக்குவதற்காகக் கட்டைகள் வைத்துக் கட்டினர். சுமார் எட்டு வயதில் அவனுக்குத் திக்குவாய் ஏற்பட்டது. அண்ணன் எட்வர்டும் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே தந்தையின் ஆட்சியில் வளர்ந்தவர்களே. அண்ணன் அந்த ஒழுங்கு முழுவதையும் உதறுகின்றவரானார்; 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் அரியணையையும் துறந்தார். தம்பி ஆறாம் ஜார்ஜ் என்னும் பெயரோடு முடியேற்றார். ஒரே இளமை இருவரையும் ஒரே மனிதராக்கிவிடவில்லை.

தம்பியின் வாழ்வில் இரண்டு துணைகள் வாய்த்தன. 1923-ஆம் ஆண்டில் அவர் மணந்த எலிசபெத், பத்து மக்களில் ஒன்பதாமவராக, அன்பு நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். 1926-ஆம் ஆண்டு அவர்களுக்கு முதல் மகள் பிறந்தாள். அவ்வாண்டிலேயே அவர் லயனல் லோக் என்ற பேச்சுப் பயிற்சி ஆசிரியரை அணுகி, தம் குறையை மறைக்காமல் பயிற்சியை மேற்கொண்டார். அவருடைய இல்லத்தில் காலையில் குழந்தைகள் பெற்றோரின் அறைக்கு ஓடிவந்து விளையாடினர். மாலையில் பெற்றோர் குழந்தைகளோடு நேரம் கழித்தனர். படிப்பைவிட மகிழ்ச்சியான இளமைக்கே அவர்கள் முதலிடம் தந்தனர். பெண் மக்களின் கல்வி இன்னும் ஆழமாக அமைந்திருக்கலாம் என்று குறை கூறுவோரும் உளர்; அக்குறை நியாயமானதே. ஆயினும் திக்கித் திக்கிப் பேசிய அந்தச் சிறுவனுடைய அச்சம் அவன் மக்களின் அறைக்குள் நுழையவில்லை.

இவ்வளவு நீண்ட கதையிலிருந்து நாம் அறிவதென்ன? இளமை அனுபவம் நம்மை உருவாக்குகிறது; ஆனால் நம்மைக் கட்டளையிடுவதில்லை. இரண்டாம் ஜார்ஜ் தாம் பட்டதைத் திருப்பிச் செய்தார். ஆல்பர்ட் தாம் கண்டதற்கு எதிரானதைச் செய்தார். முதல்வர் வெறுப்பால் செய்தார். மற்றவர் அன்பால் செய்தார். ஆனால் இருவருடைய கண்ணும் தம் இளமையிலேயே நிலைத்திருந்தது; எதிரே நின்ற குழந்தையின்மீது படியவில்லை. தொடக்கத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். “நான் அடிபட்டு வளர்ந்தேன்,” “நான் பட்ட கஷ்டம்” — இரண்டும் ‘நான்’ என்ற சொல்லிலே தொடங்குகின்றன. பிள்ளை இரண்டாவதாகத்தான் வருகிறான்.

உங்களில் சிலர் அன்பான வீட்டில் வளர்கிறீர்கள். அது பெரும் செல்வம். சிலர் கடுமையான வீட்டில் வளரக்கூடும். அத்தகையோர் தாமும் கடுமையாளராகவே ஆவோம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆறாம் ஜார்ஜைப் போலத் தக்கவரின் துணையை நாடுவதில் இழிவும் இல்லை. இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் தாய் தந்தையராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். ஒரு குழந்தையின்மீது கை ஓங்கும்போதும், ஒரு குழந்தை கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கும்போதும் ஒரு கணம் நின்று, “இது இக்குழந்தைக்கு வேண்டியதா, என் பழைய நினைவுக்கு வேண்டியதா?” என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் 1717-ஆம் ஆண்டிலும் 1737-ஆம் ஆண்டிலும் கேட்கப்படாமற்போன கேள்வி அது.